ஈரக் கையின் மின்தடை

என் நாத்தனாருக்குக் கரண்ட் அடித்த அன்று, அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்காருவதற்குள் எல்லோரும் தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தார்கள். ஈரக் கையோடு தொட்டிருக்கிறாள், அவ்வளவுதான் விஷயம். முதலில் அப்படிச் சொன்னவர் மோட்டார் வேலையை எடுத்துச் செய்த கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். கடைசியாகச் சொன்னவர் என் கணவர், அவள் கூடப்பிறந்த அண்ணன். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

நாங்கள் இருப்பது திருவொற்றியூரில், விம்கோ நகரைத் தாண்டி, கடலுக்குப் போகிற தெரு ஒன்றில். பழைய நாலு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும். காற்றில் எந்நேரமும் உப்பு. ஜன்னல் கம்பிக்கு எத்தனை பூச்சு அடித்தாலும் அடுத்த வருடம் துரு உரிந்து கையோடு வரும். காற்று மேற்கிலிருந்து வீசினால் உப்போடு மணலி ஆலைகளின் நாற்றமும் சேர்ந்துகொள்ளும். என் கணவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். நாத்தனார் காசிமேட்டில் மீன் ஆய்ந்து கொடுக்கிற வேலை செய்கிறாள். புருஷன் விட்டுப்போன பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். விடியும் முன்னே கிளம்பினால் பதினோரு மணிக்குத் திரும்புவாள். வஞ்சிரமோ சங்கராவோ எது கிடைத்தாலும் அவள் கத்தி போகிற வேகத்தைப் பார்க்கவே சிலர் நின்றுவிடுவார்கள்.

நான் எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவள். பக்கத்திலேயே ஒரு தொழிற்சாலையில், மின்கருவிகளுக்கான சர்க்யூட் போர்டு செய்கிற இடத்தில், பாகங்களைச் சோதிக்கும் மேசையில் வேலை. பல வருடமாக அதே மேசை. அங்கே வரும் பாகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. சாதாரண ரெசிஸ்டர் பிடிவாதக்காரன். அளவுக்குள் வைத்திருக்கும்வரை அதன் தடை அநேகமாக மாறாது. தெர்மிஸ்டர் என்று ஒன்று உண்டு. எங்களுக்கு வருகிற வகை, சூடு ஏற ஏறத் தடையைக் குறைத்துக்கொண்டே போகும். வெளிச்சம் பட்டால் தடை குறைகிற பாகமும் உண்டு; தெருவிளக்கு பொழுது விடிந்ததும் தானாக அணைவது அதனால்தான். பழைய குண்டு பல்பின் இழை இதற்கெல்லாம் நேர்மாறு. குளிர்ந்திருக்கும்போது அதில் தடை மிகக் குறைவு. எரிந்து வெள்ளையாகும்போது பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும்.

நான் இவற்றைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் மேசையில் எந்தப் பாகத்தையும் அதன் குணத்துக்காக யாரும் திட்டுவதில்லை. சூட்டில் தடை குறைந்துவிட்டதே என்று தெர்மிஸ்டரைக் குற்றவாளி ஆக்குவதில்லை. குறையும் என்று தெரிந்துதான் சர்க்யூட் போடுகிறோம். தெரியாமல் போட்டால் அது போட்டவன் தப்பு.

மழைக்காலத்துக்கு முன்னால் எங்கள் பிளாக்கில் சாக்கடை வேலையும் தண்ணீர் மோட்டார் வேலையும் சேர்த்து நடந்தது. குடியிருப்போர் சங்கம் ஒரு கான்ட்ராக்டரை அமர்த்தியிருந்தது. கட்டடத்தைச் சுற்றித் தோண்டினார்கள், குழாய் போட்டார்கள், மூடினார்கள். மாடிப்படிக்குக் கீழே மோட்டாருக்குப் புதிதாக ஓர் இரும்புப் பெட்டி வந்தது. பளபளவென்று சாம்பல் நிறம், பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான். குழாயில் தண்ணீர் நின்றால் வீட்டில் இருக்கிற பெண்களில் யாராவது இறங்கிப்போய்ப் பச்சையை அழுத்துவோம். எங்கள் பிளாக்கில் அந்தப் பொத்தானை ஆண்கள் அழுத்தி நான் பார்த்ததில்லை.

அன்று எனக்கு வார விடுமுறை. நாத்தனார் காசிமேட்டிலிருந்து வந்து கையில் சோப்பு போட்டுக்கொண்டிருக்கும்போது குழாய் நின்றுவிட்டது.

"அண்ணீ, தண்ணி நின்னுபோச்சு. நான் போயி மோட்டார் போட்டுகினு வந்துடறேன்" என்று குரல் கொடுத்துவிட்டு இறங்கினாள். செருப்புப் போடவில்லை. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

முதலில் கேட்டது அவள் குரல் இல்லை. கீழே தையல் கடை வைத்திருக்கும் பாயின் குரல். "யம்மா! யம்மா! மெயின ஆஃப் பண்ணு! ஜல்தி!"

நான் படிக்கட்டில் எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. பாதி இறங்கியபோதே பார்த்தேன். அவள் வலது கை பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி ஒட்டிக்கொண்டிருந்தது. உடம்பு விறைத்து உதறியது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பாய் தன் கடையின் மர ஸ்டூலைத் தூக்கி அவள் முழங்கையில் ஓங்கி அடித்தார். கை விடுபட்டது. அவள் ஈரத்தரையில் பின்பக்கமாக விழுந்தாள். நான் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ஓடினேன். பாய் அவள் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "மூச்சு கீது, மூச்சு கீது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இதயத் துடிப்பு சரியாகும்வரை படுக்கையை விட்டு எழக்கூடாது என்றார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்ளே வெந்திருந்தன. வெளியே பார்த்தால் சின்னக் கருப்புப் புள்ளிகள்தாம். மின்சாரக் காயம் அப்படித்தான் இருக்கும், உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார்.

சாயங்காலம் என் கணவர் துறைமுகத்திலிருந்து அப்படியே வந்தார். அழுகிற முகம். தங்கையைப் பார்த்தார். பார்த்த உடனே வாயிலிருந்து வந்தது இதுதான்:

"இன்னாத்துக்கு நீ ஈரக்கையோட போய்த் தொட்ட?"

அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. மெதுவாகச் சொன்னாள்: "தண்ணி மோட்டாரு போடத்தானேண்ணா போனேன்."

தண்ணீர் மோட்டார் போடப் போகிறவள் கை காய்ந்திருக்குமா? தண்ணீர் நின்றதால் போகிறாள். பாத்திரத்தையோ துணியையோ குழந்தையையோ கழுவிக்கொண்டிருந்த கையோடு போகிறாள். என் கணவருக்கு இது தெரியாதா? அவர் வீட்டில்தானே இவ்வளவு வருடமும் குளித்தார்? நான் அவரை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"யாரு உனக்கு அப்டிச் சொன்னது?"

"சூப்பர்வைசர் போன் பண்ணான். பெட்டி மேல ஒண்ணும் தப்பு இல்ல, ஈரக்கையால தொட்டதாலதான்னு..."

"நீ அத்த நம்பிட்ட?"

அதற்கப்புறம் பல நாள் நான் அவரோடு பேசவில்லை.

ஈரக்கை என்ற சொல்லில் இருக்கிற அயோக்கியத்தனம் என்னவென்றால், அது பொய் இல்லை. காய்ந்த தோலுக்குத் தடை அதிகம். அதே தோல் நனைந்தால், அதுவும் சோப்பும் உப்பும் சேர்ந்து நனைந்தால், தடை பல மடங்கு விழுந்துவிடும். காய்ந்த கையென்றால் அவளுக்குச் சுரீரென்று ஒரு அடியோடு போயிருக்கலாம். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பெட்டியில் மின்சாரம் ஓடவேண்டிய பாதை உள்ளே இருக்கிறது. வெளியே இருக்கும் தகட்டுக்கு அது வரவே கூடாது. தவறி வந்தால் எர்த் கம்பி வழியாக மண்ணுக்கு இறங்க வேண்டும். அப்படிப் பலமாக இறங்கும்போது சுவிட்ச் தானாக விழ வேண்டும். இந்த ஏற்பாடு எதுவும் இல்லாததால் என் நாத்தனாரின் கை அந்தச் சர்க்யூட்டில் ஒரு பாகமாகிவிட்டது. அவள் கை அங்கே பாகமாக இருந்திருக்கவே கூடாது. பாகமாக்கிவிட்டு, பாகத்தின் தடை குறைவு என்று குறை சொல்கிறார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்புவதற்கு முன்னமே சூப்பர்வைசர் பிளாக்குக்கு வந்தார். நான்தான் சங்கத் தலைவரிடம் விடாமல் கேட்டு வரவழைத்தேன். முப்பது வயதிருக்கும், இஸ்திரி போட்ட சட்டை, மரியாதையான பேச்சு. பெட்டியைத் திறந்ததுமே ஒன்று தெரிந்தது. கம்பி நுழைகிற ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. அங்கே போடவேண்டிய ரப்பர் வளையம் இல்லை. மோட்டார் அதிர அதிர, கம்பியின் மேலுறை அறுந்து, செம்பு தகட்டைத் தொட்டிருந்தது.

"இது எங்க வேணா நடக்கலாம்மா. ஆனா எர்த் பக்காவா குடுத்திருக்கோம். பாருங்க" என்றார்.

மல்டிமீட்டரை எடுத்தார். ஒரு முனையைப் பெட்டியில் வைத்தார். இன்னொன்றைச் சுவரோடு இறங்கி மண்ணுக்குள் போகும் கம்பியில், தரையை ஒட்டி வைத்தார். மீட்டர் 'பீப்' என்று கத்தியது. கூடி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். தலைவர் என்னைப் பார்த்தார், போதுமா என்கிற மாதிரி.

"மேல் கம்பி கீழ் கம்பியோட சேர்ந்திருக்குன்னுதான் இது சொல்லுது. மண்ணோட சேர்ந்திருக்குன்னு சொல்லல" என்றேன்.

"மண்ணுக்குள்ளதானேம்மா போகுது?"

"போகுது. போய் எத்தத் தொடுது?"

அவர் சிரித்தார். நான் மாடிக்குப் போய் நூறு வாட்ஸ் குண்டு பல்பையும், இரண்டு நீளக் கம்பி வைத்த ஹோல்டரையும் எடுத்து வந்தேன்.

"பல்ப வெச்சு என்னம்மா தெரியும்?" என்றார்.

மீட்டர் அனுப்புவது துளியூண்டு மின்சாரம். பல்பு வீட்டுக் கருவி கேட்கிற அளவுக்குக் கேட்கும். பாயின் கடை பிளக்கிலிருந்து முதலில் இரண்டு துளையிலும் கம்பியைச் சொருகிக் காட்டினேன். பகல் வெளிச்சத்திலும் கண் கூசுகிற மாதிரி எரிந்தது. பிறகு எல்லோரையும் பெட்டியிலிருந்தும் மோட்டாரிலிருந்தும் தள்ளி நிற்கச் சொன்னேன். எர்த் சரியில்லாவிட்டால் அந்த இரும்பு முழுவதும் அந்த நிமிடம் மறுபடி அடிக்கும். பாய் கடைப் பெஞ்சை இழுத்துப்போட்டுக் குறுக்கே நின்றுகொண்டார். செருப்பைச் சரிபார்த்து, கையைத் துடைத்து, ஒரு கம்பியைக் கரண்ட் வருகிற துளையிலும் மற்றொன்றை எர்த் கம்பியிலும் மாட்டிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன்.

பல்பு எரியவில்லை. குனிந்து பார்த்தால் உள்ளே இழை மட்டும் பீடி முனை மாதிரி மங்கலாகச் சிவந்திருந்தது.

அவ்வளவு மங்கலாக இருக்கும்போது இழை முழுச் சூட்டுக்கு வரவில்லை. அதனால் அதன் தடையும் முழுதாக ஏறவில்லை. அப்படியென்றால் மின்சாரத்தை அவ்வளவு தூரம் தடுப்பது பல்பு அல்ல. கம்பி போய்ச்சேருகிற இடம். உடனே சுவிட்சை அணைத்தேன். நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்த முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தோண்டுங்க" என்றேன்.

"எதுக்கும்மா, நாங்க ஆளனுப்பி..."

பாய் காத்திருக்கவில்லை. தெருமுனைச் சிமெண்டுக் கடையில் கடப்பாரை வாங்கி வந்தார். போட்டுவைத்த சிமெண்டை உடைத்தார். முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை. கம்பியை மண்ணோடு சேர்க்கிற எர்த் பைப் இருக்கவேண்டிய இடத்தில் அதன் வெட்டப்பட்ட அடிப்பகுதி மட்டும், சாக்கடைக் குழாய்க்கு அடியில், யாரும் தொடாத துருவாகக் கிடந்தது. குழாய் பதிப்பதற்கு இடைஞ்சல் என்று அறுத்திருக்கிறார்கள். மேலிருந்து வரும் கம்பி அதன் பக்கத்தில்கூட இல்லை. அதை ஓர் அரைச் செங்கல்லில் நாலு சுற்றுச் சுற்றிப் புதைத்திருந்தார்கள். இழுத்தால் கையோடு வந்துவிடக் கூடாது என்பதற்காக.

மறதி இல்லை அது. மறந்தவன் கம்பியை அப்படியே விட்டுவிடுவான். யாரோ குனிந்து, செங்கல்லைத் தேடி எடுத்து, கம்பியைச் சுற்றி முறுக்கியிருக்கிறான். இழுத்துப் பார்ப்பவர்கள் ஏமாற வேண்டும் என்று யோசித்துச் செய்திருக்கிறான். அந்த யோசனையில் பாதியை பைப் வைப்பதில் காட்டியிருக்கலாம்.

"இது உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டேன். மரியாதை எங்கேயோ போய்விட்டது.

சூப்பர்வைசர் என்னைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் சொன்னார்: "அன்னைக்குப் பைப் வரலைம்மா. அடுத்த வாரம் வந்து போட்டுக்கலாம்னு விட்டோம். அப்புறம் வேற சைட்டுக்கு மாத்திட்டாங்க."

"தெரிஞ்சுகினேதான் என் வூட்டுக்காரருக்குப் போன் பண்ணி ஈரக்கைன்னு சொன்னியா?"

தலைவர் குறுக்கே வந்தார். "விடும்மா. உயிருக்கு ஒண்ணும் ஆகலையே. சரி பண்ணிக் குடுத்துருவாங்க."

நான் அவரை என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. நான் பிறந்து வளர்ந்த தெருவின் பாஷையில், அதன் முழு பலத்தோடு சொன்னேன். பிளாக்கே கேட்டது. எதிர் பிளாக்கில் ஜன்னல்கள் திறந்தன. நான் எதற்கும் வெட்கப்படவில்லை.

மறுநாளே ஆட்கள் வந்தார்கள். ஆழமாகக் குழி தோண்டி, புதுப் பைப் இறக்கி, கரியும் உப்பும் கொட்டி, அதில் கம்பியை போல்ட்டு வைத்து முடுக்கினார்கள். பெட்டிக்கு ரப்பர் வளையம் வந்தது. கொஞ்சம் மின்சாரம் வெளியே கசிந்தாலே தானாக விழுகிற சுவிட்சும் வந்தது. நான் குழிக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டுக் குந்தியிருந்தேன். கடைசியில் பல்பை மாட்டிப் பார்த்தேன், முழுசாக எரிந்தது. பாய் கை தட்டினார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அரை நாள் வேலை. ஒரு பெண்ணின் கை வேகாமல் இருக்கத் தேவைப்பட்டது வெறும் அரை நாள் வேலை.

போலீசில் புகார் கொடுத்தோம். அது நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

நாத்தனாரின் ஆள்காட்டி விரலை நடுக்கணுவரை எடுத்துவிட்டார்கள். நடுவிரல் இருக்கிறது, உணர்வு இல்லை. கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள் சமையலறையில் ஒரு சங்கராவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கத்தி இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை பிடி வழுக்கி, மரத்துப்போன விரல் கத்தியின் விளிம்பிலேயே இறங்கியது. அவளுக்குத் தெரியவில்லை. மீன் மேல் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் கையைத் தூக்கிப் பார்த்தாள். மீனையும் கத்தியையும் அப்படியே தொட்டித் தண்ணீரில் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

அன்று என் கணவர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "தப்பாச் சொல்லிட்டேம்மா. அவன் சொன்னத்த அப்டியே..."

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் சொன்னா சொல்லிட்டுப் போறான்ணா. அவன் யாரோ. நீ கேட்டப்பதான் நோவுச்சு" என்றாள்.

அவர் அழுதார். அவளும் அழுதாள். நான் அழவில்லை. அவரை மன்னிக்கிறது அவள் இஷ்டம். அவள் மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். நான் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. சோறு போடுகிறேன், பேசுகிறேன், அவ்வளவுதான்.

இப்போது அவள் மறுபடி காசிமேட்டுக்குப் போகிறாள். கத்தியை இடது கைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள். பழைய வேகம் இல்லை. பெரிய மீனைப் பக்கத்தில் இருக்கிறவளிடம் தள்ளிவிட்டு, இவள் செதில் உரசிக் கொடுக்கிறாள். கரண்ட் சுவிட்ச் எதையும் தொடுவதில்லை. எங்கள் வீட்டில் விசிறி போடுவதற்குக்கூட என்னைக் கூப்பிடுகிறாள்.

ஆனால் பக்கத்துப் பிளாக்கிலும் அதே கான்ட்ராக்டர்தான் வேலை செய்தார் என்று தெரிந்ததும் முதலில் செருப்பை மாட்டியவள் அவள்தான். "பல்ப எடுத்துக்கோ அண்ணீ. போய்ப் பாத்துடலாம்."

போனோம். பாயும் வந்தார். அங்கே இரண்டு ஆண்கள் படிக்கட்டில் நின்று மறித்தார்கள். "உங்க பிளாக்கு பேஜார இங்க எதுக்கு இஸ்துகினு வர்றீங்க? நல்லாத்தானே ஓடிகினு கீது?" என்றார் ஒருவர்.

நாத்தனார் வலது கையை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். அவர் நகர்ந்துகொண்டார்.

உள்ளே இருந்த பெண்கள் எங்களுக்கு மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று காட்டினார்கள். ஒருத்தி ரொம்ப நாளாகவே பெட்டி சுருக்கென்கிறது, சொன்னால் யாரும் கேட்பதில்லை என்றாள். எல்லோரையும் தள்ளி நிற்க வைத்து, பல்பை மாட்டினேன். இங்கே இழைகூடச் சிவக்கவில்லை. நான் அணைத்ததும், கம்பி மண்ணுக்குள் இறங்குகிற இடத்தை பாய் கடப்பாரையால் திறந்தார். ஒரு சாண் ஆழத்தில் கம்பி சும்மா முடிந்திருந்தது. பெண்கள் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் தோண்டச் சொன்னோம், பைப் கீழே இருக்குமோ என்று. கடலோர மண், தோண்டத் தோண்டத் தண்ணீர்தான் ஊறி வந்தது. வேறு எதுவும் இல்லை.